கங்கனின் சம்பாத்தியம்

போக்கர் என்ற சீட்டாட்டத்தைக் காசு வைக்காமல் ஆட முடியாது. இதைச் சூதுக்கு ஆதரவாகவோ எதிராகவோ சொல்லவில்லை. ஆட்டத்தின் அமைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சதுரங்கத்தைச் சும்மா ஆடலாம். குதிரையை இழந்தவன், பையில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குதிரையை இழந்தவன்தான். போக்கரில் சீட்டு பாதி விஷயம்கூட இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, மேசையின் நடுவே ஐந்து சீட்டு பொதுவாக. இவற்றின் பேரில் ஒவ்வொருவனும் பந்தயத்தை ஏற்றிக்கொண்டு போகிறான். பந்தயம் இங்கே ஒரு வாக்கியம். 'என் கையில் நல்ல சீட்டு இருக்கிறது' என்று அது சொல்கிறது. எதிராளி நம்பினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவான். நம்பாவிட்டால் அதே தொகையைப் போட்டுத் திறந்து காட்டச் சொல்வான். வாக்கியம் பொய்யாக இருக்கலாம் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

இனாம் சில்லுகளை வைத்து ஆடும் பயிற்சி மேசையில் என்ன நடக்கிறதென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாரும் எடுத்த எடுப்பில் கையில் இருப்பதையெல்லாம் போட்டுவிடுகிறார்கள். தீர்ந்துபோனால் மறுபடியும் இனாமாக வரும். யாரும் விலகுவதில்லை, எனவே யாரையும் ஏமாற்ற முடிவதில்லை, ஏமாற்ற முடியாத இடத்தில் உண்மை சொல்வதற்கும் வழியில்லாமல் போகிறது. ஜான் வான் நாய்மனும் ஆஸ்கார் மார்கன்ஸ்டர்னும் 1944-இல் வெளியிட்ட புத்தகத்தில் போக்கரின் எளிய வடிவமொன்றைக் கணிதமாக்கிப் பார்த்தார்கள். பொய்ப் பந்தயம் ஆட்டக்காரனின் குணக்கேடல்ல, ஆட்டத்தின் தர்க்கத்திலேயே இருப்பது என்று அதில் தெளிவாயிற்று. ஒருபோதும் பொய் சொல்லாதவன் நல்ல சீட்டு வந்த அன்று எல்லாரும் விலகிவிடுவதால் ஒன்றும் சம்பாதிக்க மாட்டான். ஆனால் பொய்க்கு விலை இருக்க வேண்டும். பிடிபட்டால் எதையாவது இழக்க வேண்டும். விலையில்லாத பொய் வெறும் சத்தம்.

இதை இவர்களுக்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே வேறு பக்கத்திலிருந்து பார்த்தவர் பாஸ்கல். 1654-இல் ஃபெர்மாவுடன் கடிதப் போக்குவரத்து நடத்தி, பாதியில் நின்ற ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கணக்குப் போட்டு, நிகழ்தகவுக் கணிதத்துக்கு அஸ்திவாரமிட்ட அதே பாஸ்கல்தான். அவர் இறந்தபின் 1670-இல் வெளிவந்த சிந்தனைக் குறிப்புகளில் தினமும் சிறு தொகைக்குச் சூதாடி நாளைக் கழிக்கிற ஒரு மனிதன் வருகிறான். அவன் அன்றைக்கு ஜெயிக்கக்கூடிய தொகையைக் காலையிலேயே கொடுத்து 'ஆடாதே' என்றால் அவன் துக்கப்படுவான். பணம் வேண்டாம், சும்மா ஆடு என்றாலோ அலுத்துப்போவான். அவனுக்கு வேண்டியது பணமும் அல்ல, ஆட்டமும் அல்ல. இரண்டும் கலந்த ஒரு சுயமயக்கம். பாஸ்கலுக்கு இதில் மனிதனின் வெறுமை தெரிந்தது. எனக்கு அதைவிடச் சின்ன விஷயம்தான் தெரிய வேண்டியிருக்கிறது. சும்மா ஆடிக்கொண்டிருந்தவன் முதல் சில்லறையை எடுத்து வைக்கும் கணத்தில் அவனுக்கும் அவன் எதிரே இருப்பவனுக்கும் இடையில் என்ன மாறுகிறது?

போக்கர் நம்முடைய ஆட்டம் இல்லை. கோவாவின் கப்பல் காசினோக்களிலிருந்தும் பின்னர் கைப்பேசியிலிருந்தும் வந்தது. நம் திண்ணைகளில் ரம்மி. ஆகையால் நான் பார்க்க முடிந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம் வரை வந்து கிழக்கே திரும்பினால் பனித்திட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த மீனவர் கிராமம். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் படகுகள் மணலில் ஏறிக் கிடக்கும். காலையில் வலை பொத்துவார்கள், இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவார்கள். வெயில் ஏறியதும் நிழலில் சீட்டு. ஒரு தடைக்காலத்தில் அங்கே சில வாரங்கள் தங்கியிருந்தபோது இந்த வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், தீக்குச்சி வைத்து ஆடும்போது மட்டும்.

காலை ஆட்டம் தீக்குச்சிக்கு. ஆளுக்கு ஐம்பது குச்சி. சின்னப் பையன்களையும் என்னைப் போன்றவர்களையும் வைத்துக்கொண்டு ஆடுவது இது. மத்தியானத்துக்குமேல் பாயிண்டுக்குப் பத்துப் பைசா. பத்துப் பைசா நாணயம், இருபத்தைந்து பைசாவுக்கு உட்பட்ட எல்லா நாணயங்களோடும், 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டது; கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். சீட்டு வட்டத்தில் மட்டும் கணக்கு அலகாக உயிரோடு இருக்கிறது. 'ஃபுல்' அடித்தால் 80 பாயிண்டு, எட்டு ரூபாய். முதல் கையிலேயே ஸ்கூட் விட்டால் 20 பாயிண்டு, இரண்டு ரூபாய். நாள் முழுவதும் தோற்றாலும் அங்கே ஒருவனும் அழிந்துபோக மாட்டான்.

தீக்குச்சி ஆட்டத்தில் ஸ்கூட் கிடையாது. அதாவது, விதியில் உண்டு, யாரும் விடுவதில்லை. எவ்வளவு மோசமான கையையும் கடைசிவரை வைத்துக்கொண்டு ஜோக்கருக்காகக் காத்திருப்பார்கள். பேச்சும் சிரிப்பும் அதிகம். பத்துப் பைசா வந்ததும் அதே ஆட்கள் அதே மணலில் வேறு ஆட்டம் ஆடினார்கள். சீட்டு மார்போடு ஒட்டியது. யார் எதைக் கீழேயிருந்து எடுத்தான் என்று கண்கள் கவனித்தன. இரண்டு ரூபாயோடு தப்பித்துக்கொள்வதா, எட்டு ரூபாய் வரை துணிவதா என்று ஒவ்வொரு கையிலும் யோசித்தார்கள். ரம்மியின் அழகு எனக்குப் புரிந்தது பத்துப் பைசா ஆட்டத்தைப் பார்த்தபோதுதான். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. காசு ஆட்டத்தைக் கெடுக்கிறது என்கிறவர்கள் ஆட்டத்தைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கெட்டது வேறொன்று. வட்டத்தில் எல்லாரும் பெரியப்பா என்று கூப்பிடுகிற ஒரு முதியவர். காலையில் தீக்குச்சி ஆட்டத்தின்போது ஒவ்வொரு கை முடிந்ததும் பக்கத்திலிருக்கும் பையனுக்குப் பாடம் நடத்துவார். "ஏண்டா, அந்த ஆட்டின் எட்ட எதுக்கு எறக்குன? ரெண்டு கை முன்னாடி அவன் ஆட்டின் ஏழ எடுத்தான்ல, பாக்கல?" பையன் தலையைச் சொறிவான். அடுத்த கையில் கொஞ்சம் கவனமாக இருப்பான். அதே பையன் மத்தியானம் பத்துப் பைசா ஆட்டத்தில் உட்கார்ந்தான். அதே தப்பைச் செய்தான். பெரியப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தப்பினால் அவருக்கு லாபம்கூட இல்லை, ஜெயித்தது வேறொருவன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "காசு போட்டு ஒக்காந்தப்புறம் சொல்லித் தரக்கூடாது தம்பி. அது மத்தவனுக்குப் பண்ற துரோகம்" என்றார்.

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பேராசை என்றோ அலட்சியம் என்றோ பதில் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் சொன்னது ஒரு தர்மம். காலையில் கற்பித்தல் நல்ல காரியம். மத்தியானம் அதே கற்பித்தல் துரோகம், மௌனம் நேர்மை. மனிதர் மாறவில்லை, அவர் மனசாட்சி மழுங்கவில்லை. இன்னும் சொன்னால் கூர்மையாகத்தான் இருந்தது. மாறியது நற்குணங்களின் வரிசை. பத்துப் பைசா, செல்லாத பத்துப் பைசா, இதைச் செய்துவிட்டது. தொகை எவ்வளவு சின்னது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாயிண்டுக்கு நூறு ரூபாய் என்றால் மௌனம் இன்னும் இறுகும், அவ்வளவுதான். திருப்பம் முதல் காசிலேயே முடிந்துவிட்டது.

காசில்லாத ஆட்டத்தில் எதிராளியின் பிழை அவனுடைய பிழை மட்டுமே. அதைத் திருத்தினால் ஆட்டம் நன்றாகிறது, எனக்கும் லாபம். காசு வைத்த ஆட்டத்தில் அவன் பிழை என் வருமானம். அவன் பிழை செய்ய வேண்டுமென்று நான் விரும்ப ஆரம்பிக்கிறேன். விரும்பாவிட்டாலும் விரும்புவதற்கான காரணம் என் பையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. போக்கர் ஆடுகிறவர்கள் இதை மூடி மறைப்பதில்லை. திறமை குறைந்த ஆட்டக்காரனுக்கு அவர்கள் குழூஉக்குறி 'ஃபிஷ்', மீன். மீன் தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே என்பது அவர்களுடைய எச்சரிக்கை. மேசையில் எவனுக்கும் பாடம் சொல்லாதே, மீன் மிரண்டு ஓடிவிடும் என்று அர்த்தம். பெரியப்பா துரோகம் என்று சொன்னதை இவர்கள் வியாபார புத்தி என்கிறார்கள். நடத்தை ஒன்றுதான்.

சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவரும் மீனைக் கொண்டுவருகிறார். அங்கே மீன் தோற்றவனல்ல, ஜெயித்தவன். கிடைத்த பணம் தூண்டில் இரும்பு, அதை விழுங்கியவன் ஜெயித்தவன் என்கிறார். போக்கர் மேசையில் தோற்கப் போகிறவன் மீன். குறளில் இப்போது ஜெயித்தவன் மீன். இரண்டு உவமைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோபம்தான் வருகிறது, குறளுரை எழுதிய நம் பண்டிதர்களின் பேரில். ஜெயித்தாலும் வேண்டாம் என்று வள்ளுவர் சொன்னதற்குப் 'பின்னால் தோற்றுவிடுவாய்' என்பதற்குமேல் காரணம் தேட இவர்களில் பெரும்பாலோர் முயலவில்லை. வள்ளுவரே அடுத்த குறளில் ஒன்றுக்கு நூறு போகும் என்று லாபநஷ்டக் கணக்குக்குள் இறங்கிவிடுகிறார் என்பதும் உண்மைதான். அப்படியானால் தோற்காதவனுக்கு என்ன சொல்வது?

இந்தக் கேள்வி கற்பனையல்ல. சூதைப் பற்றி நம்மிடம் இருப்பதெல்லாம் அழிந்தவனின் கதை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் மனைவியாலும் மாமியாராலும் விரட்டப்பட்டுப் புலம்பும் சூதாடி, சபா பருவத்து யுதிஷ்டிரன், நளன், இந்த நூற்றாண்டில் கைப்பேசி ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்கள் பற்றிய செய்திகள். பாரதி புதுச்சேரியில் இருந்தபோது எழுதி 1912-இல் முதல் பாகத்தை வெளியிட்ட பாஞ்சாலி சபதமும் இந்த வரிசைதான். ஆனால் சிறு தொகைக்கு ஆடுகிறவனுக்குப் போக்கர் ஆசிரியர்கள் தரும் புத்திமதியைப் பாருங்கள்: ஒரு மேசையில் உட்காரத் தேவையான தொகையைப் போல இருபது முப்பது மடங்கு முதலை ஒதுக்கி வை, அதற்குக் கீழே இறங்கினால் இன்னும் சின்ன மேசைக்குப் போ, கோபம் வந்தால் எழுந்துவிடு, கணக்கு எழுது, நேரத்துக்குத் தூங்கு. இவன் யுதிஷ்டிரன் இல்லை, குமாஸ்தா. அவன் அழிய மாட்டான். வீட்டை அடகு வைக்க மாட்டான். அவனிடம் போய் திரௌபதியின் கூந்தலைக் காட்டி என்ன பிரயோஜனம்? அவனைவிட அவசரக்காரனான, அவனைவிட ஏழையான எவனோ ஒருவனின் பிழையிலிருந்து மாதம் கொஞ்சம் அவனுக்குச் சொட்டிக்கொண்டிருக்கிறது. நம் அறநூல்களுக்கு அவனைப் பார்த்துப் பேச வார்த்தை கிடையாது.

சட்டத்துக்கும் இல்லை. இன்னும் மோசம், சட்டம் அவனைப் பாராட்டி வந்தது. 1867-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்களித்தது. 1930-இன் சென்னைச் சட்டமும் அதே வழி. செகந்தராபாத் கிளப் ஒன்றில் காசுக்கு ரம்மி ஆடியது பற்றிய ஆந்திரப் பிரதேச அரசு – சத்தியநாராயணா வழக்கில், 1968-இன் தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெற்ற முடிவில், உச்ச நீதிமன்றம் ரம்மி பிரதானமாகத் திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும் என்பது காரணம். மூன்று சீட்டு அதிர்ஷ்டம், ரம்மி திறமை. ஆட்டத்தைப் பற்றிய விவரணையாக இது சரி. ஒழுக்கத்துக்கான பிரிகோடாக இது தலைகீழ். அதிர்ஷ்டம் மட்டுமே தீர்மானிக்கிற ஆட்டத்தில் எதிரே இருப்பவனும் நானும் சமம். அவனிடமிருந்து எனக்கு வருவது நாளை என்னிடமிருந்து அவனுக்குப் போகும். திறமை நுழையும்போதுதான் பணம் ஒரே திசையில் நகர ஆரம்பிக்கிறது. திறமை அதிகமாக அதிகமாக, தெரியாதவனிடமிருந்து தெரிந்தவன் எடுத்துக்கொள்வது உறுதியாகிறது. குற்றத்தைக் குறைக்கும் சூழ்நிலையாக நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்குமேல் எண்ணி வந்தது எதுவோ அதுவே மனசாட்சிக்கு உறுத்த வேண்டியது.

வியாபாரியும் அப்படித்தானே, வக்கீலும் அப்படித்தானே, தெரியாதவனிடமிருந்து தெரிந்தவன் பிழைப்பதுதானே உலகம் என்று நண்பர் ஒருவர் மடக்கினார். வியாபாரியிடம் நான் ஏமாந்தாலும் வீட்டுக்கு ஒரு துணியாவது கொண்டுவருகிறேன். ஆட்டம் எதையும் உற்பத்தி செய்வதில்லை, உடைமை கை மாறுவதோடு சரி என்று 1958-இல் விளையாட்டுகள் பற்றி எழுதிய ரொஜே கய்வா சொல்லிவிட்டுப் போனார். கைப்பேசி மேசையில் அதுகூடக் கிடையாது. கை மாறும்போதே ஒரு பங்கு கழிந்துவிடும். ஒவ்வொரு குவியலிலிருந்தும் நடத்துகிறவன் நூற்றுக்குச் சில ரூபாய் எடுத்துக்கொள்கிறான், அதற்கு ஒரு உச்சவரம்பும் வைக்கிறான். உச்சவரம்பு இருப்பதால் பெரிய மேசைக்காரனுக்கு இந்தக் கழிவு உறைக்காது. விகிதப்படி அதிகம் கொடுப்பவன் சில்லறை மேசைக்காரன். சின்னத் தொகைதானே, கற்றுக்கொள்ளும் செலவு என்று வைத்துக்கொள்வோம் என்று வருகிறவன்தான் அந்தக் கட்டடத்தின் தூண். 2023 அக்டோபர் முதல் செலுத்தும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றானபோது அரசும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது. இரண்டு ஆண்டுகூட உட்காரவில்லை என்பது வேறு.

பனித்திட்டு வட்டத்தில் நடத்துகிறவன் கிடையாது. ஜெயித்தவன் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும். எழுபது ரூபாய் ஜெயித்தவன் ஐம்பதைக் கடையில் விட்டுவிட்டு வருவான். தோற்றவனைப் பார்த்து "போதும் மச்சான், எழுந்திரு" என்று சொல்ல ஆள் இருந்தது. இன்னொன்றும் பார்த்தேன், அதைப் பெரிதாக நினைக்கிறேன். அன்று மாலை டீக்கடை பெஞ்சில், கணக்கெல்லாம் தீர்ந்தபின், பெரியப்பா அந்தப் பையனைக் கூப்பிட்டு ஆட்டின் எட்டு விஷயத்தை முதலிலிருந்து விளக்கினார். காசு போட்டுத் தடுத்து வைத்திருந்த பேச்சு காசு எழுந்துபோனதும் திரும்பி வந்தது. ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருந்தது, முடிவுக்குப் பிறகு ஒரு பொழுது இருந்தது. பாலித் தீவின் சேவல் சண்டை பற்றிக் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1972-இல் எழுதிய கட்டுரையிலும் ஊரும் உறவும் மானமும் பந்தயத்தைச் சூழ்ந்திருக்கின்றன. பெருந்தொகைச் சண்டைகளில் பணம் பின்னுக்குப் போய் அந்தஸ்து முன்னுக்கு வருகிறது, பணத்துக்காகவே ஆடுகிறவர்கள் சில்லறைச் சண்டைகளின் ஓரத்தில் நிற்கிறார்கள் என்கிறார். சின்னத் தொகை என்றால் களங்கமில்லாதது என்ற நம் நினைப்புக்கு இது எதிர்.

கடலில் இவர்கள் ஆடுகிற ஆட்டம் இதைவிடப் பெரியது. டீசல், ஐஸ், வலை, உயிர், எல்லாம் பணயம். பாடு இருந்தால் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பங்கு. இல்லாவிட்டால் கடன் ஏறும். கடல் தொழிலும் சூதுதானே என்று அசட்டுத்தனமாக நான் கேட்டேன். "கடல்கிட்ட தோத்தா கடல் பணக்காரன் ஆயிடறதில்ல தம்பி" என்றார் பெரியப்பா, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பையன் பிறகு கைப்பேசிக்குப் போனான். பயிற்சி மேசையில் இனாம் சிப்ஸ், பிறகு காசு மேசை. என்னிடம் சொன்னான்: "சும்மா மேசைல எல்லாரும் கடைசி வரைக்கும் ஆடுவானுங்க சார், ஸ்கூட்டே கெடையாது. காசு வச்சாதான் ஆட்டமே தெரியும்." நான் மேலே நாய்மனை அழைத்துச் சொன்னதை அவன் சொந்தமாகக் கண்டுபிடித்திருந்தான். ஒரு கதைக்குத் தேவையான அளவுக்கு அவன் தோற்கவில்லை; நான்கைந்து மாதம் ஆடினான், கொஞ்சம் போயிற்று, கொஞ்சம் வந்தது. எதிரே யார் என்று கேட்டேன். பேர் மட்டும் தெரியும், அது நிஜப் பேரும் இல்லை என்றான். தப்பு செய்தால் யார் சொல்லித் தருவார்கள்? சிரித்தான். ஜெயித்தவன் ஒரு பொம்மைச் சிரிப்பை அனுப்புவான், அடுத்த ஆட்டம் பதினைந்து நொடியில் ஆரம்பித்துவிடும் என்றான். அங்கே டீக்கடை பெஞ்சு கிடையாது.

2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று அட்டவணை போட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அட்டவணையைத் தள்ளியது, அவை திறமை ஆட்டங்கள்தான் என்று. பனித்திட்டு யூனியன் பிரதேசம் ஆனதால் இந்தச் சட்டம் அங்கே செல்லாது. தெற்கே கொஞ்ச தூரத்தில் கடலூர் மாவட்டத்தில் செல்லும். கடைசியில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கையே மூடிவிட்டது. காசு வைத்தால் இரண்டும் தடை; காசு இல்லாத ஆட்டம் தடையில்லை. 1867-இலிருந்து வேறெங்கோ கிடந்த கோட்டைச் சட்டம் ஒருவழியாகப் பயிற்சி மேசைக்கும் காசு மேசைக்கும் நடுவில் கொண்டுவந்து போட்டது. கடன்களையும் தற்கொலைகளையும் எண்ணித்தான் போட்டார்கள், என் காரணங்களுக்காக அல்ல. இருந்தும் கோடு விழுந்த இடம் சரி என்று எனக்குப் படுகிறது. சரி என்று சொல்லும்போதே ஒரு தயக்கமும் இருக்கிறது. காசில்லாத மேசையில் வார்த்தைக்குப் பொருளில்லை என்று ஆரம்பத்தில் சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. எதையும் இழக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்ற இடம் நமக்கு, இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களுக்கு, பழக்கமானதுதான். சன்மானம் வாங்காமல் எழுதுகிறோம் என்ற பெருமைக்குக் கீழே, பணயம் வைக்காமல் எழுதுகிறோமா என்ற கேள்வி கிடக்கிறது. செல்லப்பா 'எழுத்து'வை 1959-இலிருந்து 1970 வரை நடத்தியது பயிற்சி மேசையில் உட்கார்ந்து அல்ல. பணயம் இருந்தது; எதிராளியின் பிழை அவருக்கு வருமானமாகவில்லை; பிழையைக் கண்ட இடத்தில் எல்லாரும் கேட்கச் சொன்னார். சீட்டாட்டத்தில் இந்த மூன்றும் சேர்ந்து இருக்க முடியுமா என்பதுதான் எனக்கு விளங்காதது.

பாரதத்தில் ஓர் இடம் உண்டு. கூத்துக்காரர்கள் கீசகனை ஆடுவார்கள், பிருகன்னளையை ஆடுவார்கள். கங்கனுக்கு அதிகம் வேலை கொடுப்பதில்லை. காட்டில் பிருகதசுவ முனிவர் நளன் கதையைச் சொல்லி முடித்துவிட்டு யுதிஷ்டிரனுக்குப் பகடையின் சூட்சும வித்தையைக் கற்றுத் தருகிறார். நளன் அதே வித்தையால் புட்கரனை ஜெயித்தவன். ஜெயித்தபின் அவனுடைய பங்கை அவனிடமே கொடுத்து அனுப்பிவிட்டான். யுதிஷ்டிரனுக்கு அந்த வசதியில்லை. அவன் கங்கன் என்ற பெயரில் விராடன் சபையில் பகடைத் தோழனாக உத்தியோகம் பார்க்கிறான். ராஜ்யத்தையும் தம்பிகளையும் மனைவியையும் வைத்துத் தோற்றவன், இப்போது வித்தை தெரிந்தவனாக, நிதானமாக, தோற்காமல் ஆடுகிறான். ஜெயித்த பொருளை விராடனுக்குத் தெரியாமல் தம்பிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறான் என்று விராட பருவம் போகிற போக்கில் சொல்கிறது. தர்மபுத்திரன் ஒரு வருஷம் திறமை ஆட்டக்காரனாகச் சம்பாதித்து ஜீவித்தான். சபா பருவத்துச் சூதைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவர்கள் இந்த வருமானத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. சோறு போட்ட அரசனின் அறியாமை அவன் சம்பளம். வேஷம் கலைந்தால் மறுபடி பன்னிரண்டு வருஷம் காடு. அந்தப் பணயமும் கூடவே மேசையில் இருந்தது.

வருஷத்தின் கடைசியில் விராடனின் மகன் உத்தரன் கௌரவர்களை ஜெயித்துவிட்டான் என்று செய்தி வருகிறது. விராடன் சந்தோஷத்தில் தத்தளித்துக்கொண்டு பகடையைக் கொண்டுவா என்கிறான். போக்கர்க்காரன் கனவில் காணும் எதிராளி இப்படித்தான் இருப்பான்: கையில் பணம், நிதானம் போன மனசு. கங்கன் ஆட மறுக்கிறான். களிப்பில் இருக்கிறவன் சூது தெரிந்தவனோடு ஆடக்கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறோம் என்கிறான். சூது தோஷங்கள் நிறைந்தது, யுதிஷ்டிரனைப் பற்றித் தெரியாதா, ராஜ்யத்தையே இழந்தானே என்று தன் கதையைத் தானே எடுத்துச் சொல்கிறான். மேசையில் உட்கார்ந்தபின் சொல்லித் தருகிறான். விராடனுக்குப் பாடம் ஏறவில்லை. ஆடத்தான் வேண்டும் என்கிறான், ஆடுகிறார்கள். பேச்சு உத்தரனின் வெற்றியைப் பற்றிப் போகிறது. பிருகன்னளை கூட இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள் என்று கங்கன் திரும்பத் திரும்பச் சொல்ல, விராடன் கோபத்தில் பகடையை அவன் முகத்தில் எறிகிறான். மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது. ரத்தம் தரையில் விழாமல் திரௌபதி பொற்கிண்ணத்தில் நீரோடு வந்து ஏந்துகிறாள். அன்றைய ஆட்டத்தில் யார் எவ்வளவு ஜெயித்தார்கள் என்று பாரதம் சொல்லவில்லை.